திடல் இல்லாத பள்ளிக்கூடம்

போன சனிக்கிழமை காலை ஜெலுத்தோங் சந்தையில் மீன் வாங்கி முடித்துவிட்டு, வெளியே பிளாஸ்டிக் சாமான் விற்கும் கடையில் நின்றேன். வாங்க வேண்டியவற்றை எழுதிய சீட்டில் ஏழாவதும் கடைசியுமான பொருள் துணி கிளிப், இரண்டு டஜன். கடை முகப்பில் கோழி இறகுத் துடைப்பங்கள் கொத்தாகத் தொங்கின. பிரம்புக் காம்பு, அதன் பாதிவரை செம்பழுப்பு இறகு. மலாய்க்காரர்கள் புலு ஆயாம் என்பார்கள், நாங்களும் அப்படித்தான் சொல்வோம். சீட்டில் இல்லாத பொருளை நான் தொடுவதில்லை. அன்று தொட்டேன். காம்பை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துப் பருமன் பார்த்தேன். பிறகு இந்த ஐம்பத்து மூன்று வயதில், சந்தை வாசலில், வலது கையைப் பின்னால் நீட்டி உள்ளங்கையை விரித்து, யாரோ ஓடிவந்து அதில் எதையோ வைக்கப்போவதுபோல் ஒரு நொடி நின்றேன்.

கடைக்காரத் தம்பி பார்த்துவிட்டான்.

"என்னாக்கா, பிள்ளைங்கள அடிக்கவா?"

"பிள்ளைங்கள்லாம் வேலைக்குப் போயிட்டாங்க தம்பி."

"அப்ப அண்ணனையா?"

"ஓடறதுக்கு," என்றேன்.

அவன் கிளிப்பை எண்ணிப் பையில் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து நானும் எண்ணினேன். இருபத்து நான்கு சரியாக இருந்தது. துடைப்பத்தையும் சேர்த்து வாங்கி வந்திருந்தேன்.

அந்த இறகின் வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? பழைய தலையணையும் சாக்கட்டித் தூளும் கலந்ததுபோல் இருக்கும். சமையலறையில் மீனை வைத்துவிட்டு அதை முகர்ந்துகொண்டு நின்றபோது, எனக்குப் பின்னால் பலகை எண்ணெய் வாசனை எழுந்தது. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் மேல்மாடிப் பலகைக்கு ஓர் எண்ணெய் பூசுவார்கள். காலணியைக் கழற்றிவிட்டு நடப்பதால், பள்ளி திறந்து ஒரு வாரம்வரை வெள்ளைக் கால்மேசு எல்லாம் பழுப்பாகிவிடும். அம்மாவிடம் அந்த ஒரு வாரமும் திட்டு வாங்குவேன். ஆகவே திறக்கும் வாரத்துக்கு என்று ஒரு பழைய ஜோடியைத் தனியாக வைத்திருந்தேன். அப்போதே நான் அப்படித்தான்.

பள்ளி சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், நகராண்மைக் கழகத்தில் சாலை கூட்டியவர்கள், தெருவோரக் கடை வைத்திருந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்காக, ஒரு வியாபாரி தன் கிடங்கை எழுதிக்கொடுத்து ஆரம்பித்தது என்று கேள்வி. கிடங்கு என்பதால் கூரை உயரம், சுவர் ஒரு முழ அகலம். ஜப்பான்காரன் காலத்தில் பாடம் நின்றுபோய், மறுபடி அரிசி மூட்டை அடுக்கியிருந்தார்களாம். நாங்கள் படிக்கும்போதுகூட மேசை காலடியில் பலகை இடுக்கைக் குச்சியால் நோண்டினால் கறுத்த அரிசிமணி ஒன்றிரண்டு வரும். அதைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தவள் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. பதினாறு மணிகள்.

பள்ளி கட்டிய வருடத்தை வாசலுக்கு மேலே சுதையில் எழுதியிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் எண்கள் தடித்து, என் காலத்தில் கடைசி இரண்டும் உருளைக்கிழங்குபோல் ஆகியிருந்தன. படியெடுக்க முயன்றேன். ஐந்தாம் ஆண்டு நாட்குறிப்பில் "வருடம் தெளிவில்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

கீழே ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு, மேலே நான்கு முதல் ஆறு. ஓய்வு மணி அடிக்கும்போது சந்திலிருந்து மீன் குழம்பும் தேங்காய்ச் சோறும் வறுத்த மசாலாவும் மேலே வரும். என் வகுப்புத் தோழி ஜைனம்புவின் வாப்பா வைத்திருந்த சாப்பாட்டுக் கடை பள்ளிக்குப் பின்புறம்தான். கணக்குப் பாடத்தின் நடுவில் மூக்கை நிமிர்த்தி, "இன்னிக்கு எங்க வாப்பா ரோஸ் கறி வச்சிருக்காரு," என்று அறிவிப்பாள். ஒரு நாளும் தவறியதில்லை.

இவ்வளவும் இருந்த பள்ளியில் திடல் இல்லை. இரண்டு பக்கமும் கடைவீடுகள், பின்புறம் கால்வாய், முன்புறம் சந்து. உடற்பயிற்சிப் பாடம் என்றால் முற்றத்தில் நின்று கையை மேலே தூக்கிக் கீழே இறக்குவது. அதையும் இரண்டு பாதியாகத்தான் செய்வோம். ஒரு பாதி தூக்கும்போது மறு பாதி சுவரோரம் ஒட்டி நிற்கும்.

ஓட வேண்டுமானால் ஒரே இடம், மேல்மாடி வராந்தா. குதிகாலோடு பெருவிரல் ஒட்டி வைத்து அளந்தால் என் காலுக்கு நூற்றுப் பதினெட்டுப் பாதம். ஒரு முனையில் படிக்கட்டு, மறுமுனையில் சுவர். நடுவில் எதுவும் இல்லை, ஓரமாகத் தூண்கள் மட்டும். கீழே வகுப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் எங்களுக்குப் பயிற்சி. அதனால் நுனிக்காலில் ஓட வேண்டும், கத்தக்கூடாது. ஓடினால் பலகை இடுக்கிலிருந்து தூசி சரியாக ஒன்றாம் ஆண்டு செல்லம்மா டீச்சரின் கொண்டையில் இறங்கும்.

உங்களுக்கு அஞ்சலோட்டம் தெரிந்திருக்கும். நான்கு பேர், ஆளுக்கு நூறு மீட்டர், கையில் ஒரு கோல். ஒருவர் ஓடிவந்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு இருபது மீட்டர் எல்லை. எங்கள் வராந்தா அந்த எல்லையைவிடக் கொஞ்சம்தான் நீளம். ஆகவே ஓட்டத்தில் எங்களால் பழக முடிந்தது கோல் கொடுப்பதையும் வாங்குவதையும் மட்டுமே. நூறு மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று எங்கள் நால்வரில் யாருக்கும் தெரியாது. முதலில் லெட்சுமி, அடுத்து புஷ்பா, மூன்றாவது நான், கடைசியில் ஜைனம்பு. கோலுக்கு புலு ஆயாம். இறகுப் பக்கம் கொடுப்பவர் கையில், காம்புப் பக்கம் வாங்குபவருக்கு.

சத்தம் போடக்கூடாது என்பதால் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் வருபவளின் காலடி பலகையில் அதிரும். அது நம் உள்ளங்காலுக்குத் தெரியும். அதிர்வு முழங்கால்வரை ஏறும்போது புறப்பட வேண்டும், ஏழு அடி எடுத்து வைத்ததும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். கோல் கையில் இருக்கும். கண்ணும் வேண்டாம், வாயும் வேண்டாம். நாங்கள் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தாம் ஆண்டில் வட்டாரப் போட்டிக்குப் போனோம். ஒரு பெரிய பள்ளியின் திடல். புல்லைப் பார்த்ததும் புஷ்பா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தாள். துப்பாக்கி வெடித்தது. லெட்சுமி பாய்ந்தாள். இருபத்தைந்து மீட்டர் போனதும் பிரேக் போட்டதுபோல் வேகத்தைக் குறைத்தாள். சுவர் வரும் என்று அவள் கால் நினைத்துவிட்டது. கூட்டம் சிரித்தது. அவள் சுதாரித்து மறுபடி ஓடி புஷ்பாவிடம் சேர்வதற்குள் நாங்கள் கடைசி. புஷ்பாவும் அதே இடத்தில் ஒரு முறை தயங்கினாள். கூட்டம் இன்னும் சிரித்தது.

நான் முன்னால் பார்த்துக்கொண்டு, உள்ளங்கால் சொல்லும் என்று காத்திருந்தேன். புல் ஒன்றும் சொல்லவில்லை. புஷ்பா என் முதுகில் வந்து மோதினாள். தடித்த அலுமினியக் கோல் என் விரலில் பட்டு எகிறி அடுத்த பள்ளியின் ஓட்டத்தடத்துக்குள் உருண்டது. அந்தப் பள்ளிப் பிள்ளை அதை மிதித்து விழுந்தாள். முழங்கை கிழிந்தது. எங்களால் இரண்டு பள்ளிகள் தோற்றன.

அன்றைய நாட்குறிப்பில் ஒரே வரி. "விழுந்தது. என் கையிலிருந்து."

புகார்க் கடிதம் வந்தது. பெரிய சார் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். தலைமையாசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். உண்மையில் குள்ளம். சட்டைப்பையில் மூன்று பேனா, எப்போதும் மூன்றும் ஒரே உயரத்தில். அதனால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை. அடுத்த ஆண்டு பெயர் கொடுக்கும் நேரம் வந்தபோது, அஞ்சலோட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஜைனம்பு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனாள்.

"சார், இன்னொரு வாட்டி."

"திடல் இருக்கற பள்ளி ஓடட்டும்லா. நமக்குக் கட்டுரைப் போட்டி இருக்கு, கதை சொல்ற போட்டி இருக்கு. நல்லா செய்றோம்ல?"

"கதை சொல்லப் போனாலும் சிரிக்கறாங்க சார். ஓ, அந்த நின்னு நின்னு ஓடற பள்ளியான்னு."

பெரிய சார் பேனாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஒரே வாட்டி. கோலு விழுந்துச்சுன்னா அதோட முடிஞ்சுது. உங்களுக்கு மட்டும் இல்ல, பின்னால வர்ற பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான். பட்டியல்லேர்ந்து பள்ளி பேர எடுத்திருவேன். சரியா?"

"சரி சார்."

"மூணாவது ஆள மாத்திரு."

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், கோபமில்லாமல். அவர் சொன்னது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

"முடியாது சார்," என்றாள் ஜைனம்பு. "அவதான் எண்ணுவா."

"எத எண்ணுவா?"

"எல்லாத்தையும்."

என் வாழ்க்கையில் யாரும் எனக்கு எழுதிக்கொடுத்த நற்சான்றிதழ்களில் இதைவிட நல்லது இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைக்குப் போனபோது, உன் திறமை என்ன என்று கேட்டார்கள். நாக்கு நுனிவரை இதுதான் வந்தது.

முதல் வேலையாக புலு ஆயாமை விட்டோம். மெல்லிய பிரம்புக்குப் பழகிய கையில் தடித்த கோல் நிற்கவில்லை என்பது எனக்குப் புரிந்திருந்தது. லெட்சுமியின் அப்பா ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் வேலை செய்தார். அவர் இரும்புக் குழாயில் ஒரு துண்டு அறுத்து, முனையை ராவிக் கொடுத்தார். கோலின் அதே பருமன், எடை மூன்று மடங்கு இருக்கும். வராந்தாவில் அதை வைத்துப் பழக ஆரம்பித்தோம். நான்காம் நாள் புஷ்பாவின் கையிலிருந்து நழுவியது.

இரும்பு பலகையில் விழுந்த சத்தம் சந்து முனைவரை கேட்டது என்றார்கள். கீழே ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் மொத்தமாக அலறினார்கள். செல்லம்மா டீச்சர் கொண்டையில் வெள்ளைத் தூசியோடு படியேறி வந்தார்.

"மேல என்னாடி, லோரி ஓட்றீங்களா?"

குழாயை எடுத்து எடை பார்த்தார்.

"இது இன்னொரு வாட்டி விழுந்துச்சுன்னா, பலகையப் பொத்துக்கிட்டு என் மண்டையிலதான் இறங்கும். தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"ம். அப்ப போடாதீங்க. அவ்வளவுதான்."

குழாயை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே போனார். பெரிய சாரிடம் சொல்வார் என்று மறுநாள்வரை சாப்பாடு இறங்கவில்லை. அவர் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் குழாய் ஒரு முறைகூட விழவில்லை. ஒரு நாளைக்கு அறுபது கைமாற்றம், ஏழு வாரம். எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் புல் இருக்கிறதே. பலகையில் அதிர்வு உண்டு, புல்லில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் கடற்கரையோரம் எஸ்பிளனேட் திடலுக்குப் போனோம். அங்கே இருபது முறை முயன்றோம். பன்னிரண்டு முறை ஒருவர் மேல் ஒருவர் மோதினோம், எட்டு முறை எட்டவே இல்லை. திரும்பிப் பார்த்து ஓடலாம் என்றால் கால் பின்னிக்கொண்டது. கத்திக் கூப்பிடலாம் என்றால் எங்களுக்குக் கத்த வரவில்லை. புஷ்பா "ஏய்" என்றாள். அது யாரோ பக்கத்து வீட்டைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. சிரித்து உட்கார்ந்துவிட்டோம்.

உட்கார்ந்த இடத்தில் என் சிலிப்பர் கழன்று கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. அதிர்வு முழங்காலுக்கு ஏறும் நேரத்தில் பின்னால் வருபவள் எங்கே இருப்பாள்? வராந்தாவில் அது நான்காவது தூண். தூணிலிருந்து நாம் நிற்கும் இடம் எத்தனை பாதம் என்று அளந்து, அந்தத் தூரத்தில் புல்லில் ஓர் அடையாளம் வைத்துவிட்டால், அவள் அடையாளத்தைத் தாண்டும்போது நாம் புறப்படலாம். ஒரே ஒரு பார்வை, பிறகு முன்னால் பார்த்து ஓட வேண்டியதுதான். சிலிப்பரை வைத்துப் பார்த்தோம். முதல் முறையே கோல் கையில் இருந்தது.

"எத்தன பாதம்?" என்று ஜைனம்பு கேட்டாள்.

"இருபத்தொண்ணு. உனக்கு இருபத்து மூணு வேணும், நீ சீக்கிரம் கிளம்பற."

"பார்த்தியாடி," என்று அவள் மற்றவர்களிடம் சொன்னாள், நான் ஏதோ அவள் வளர்த்த பூனை என்பதுபோல்.

அன்று மாலைக்குள் மூன்று கைமாற்றத்துக்கும் கணக்கு கிடைத்துவிட்டது. லெட்சுமியிடமிருந்து புஷ்பா, பத்தொன்பது. புஷ்பாவிடமிருந்து நான், இருபத்தொன்று. என்னிடமிருந்து ஜைனம்பு, இருபத்து மூன்று. உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நாட்குறிப்பில் ஒரு முழுப்பக்கம் எழுதினேன். உலகத்தில் எல்லா அஞ்சலோட்டக்காரர்களும் அப்படித்தான் அடையாளம் வைத்து ஓடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தபோது கல்யாணமே ஆகிவிட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் அடிக்கவில்லை.

போட்டி நாளில் ஜைனம்புவின் வாப்பா, சாப்பாட்டுச் சட்டி ஏற்றும் வேனில் எங்களைக் கூட்டிப் போனார். இறங்கியபோது எங்கள் நால்வர் மேலும் மீன் குழம்பு மணத்தது. மற்றப் பள்ளிகளுக்குக் கூடாரம் இருந்தது, ஒரே நிறச் சட்டை இருந்தது, ஆணி வைத்த காலணிகூட இருந்தது. எங்களிடம் நான்கு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் காலணி, மூன்று சிலிப்பர். பெரிய சார் ஒரு குடை கொண்டுவந்திருந்தார்.

ஆறு பள்ளிகள். எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். நாங்கள் முன்கூட்டியே அளந்து, எங்கள் தடத்தோரம் சிலிப்பர்களை வைத்துவிட்டிருந்தோம். அப்போது ஒரு நடுவர் தடத்தோரம் நடந்துவந்தார். என் சிலிப்பரைக் குனிந்து எடுத்து, "இது யாருடையது?" என்று மலாயில் கேட்டார். தடத்தோரம் பொருள் எதுவும் கிடக்கக்கூடாதாம். மூன்றையும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

புஷ்பா நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்தாள். ஜைனம்பு மறுபக்கத்திலிருந்து பார்த்தாள். அடையாளம் இல்லாமல் ஓடினால் போன வருடக் கதைதான். விழும். விழுந்தால் பள்ளியின் பெயர் போகும், இனி அந்த வராந்தாவில் ஓடப்போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. இரண்டு வருடமும் அது என் கையால் நடந்ததாக இருக்கும்.

நான் என் இடத்தை விட்டு நடக்க ஆரம்பித்தேன். ஓடவில்லை. ஓடினால் எண்ணிக்கை பிசகும். கோட்டில் குதிகாலை வைத்து, பெருவிரலை ஒட்டி, இருபத்தொன்று எண்ணினேன். அங்கே குதிகாலால் புல்லைத் தேய்த்து மண் தெரியச் செய்தேன். பிறகு புஷ்பாவின் இடத்துக்குப் போய்ப் பத்தொன்பது. ஒலிபெருக்கியில், மூன்றாம் தடத்துப் பள்ளி மாணவி தன் இடத்துக்குத் திரும்பும்படி சொன்னார்கள். துப்பாக்கிக்காரர் கையை இறக்கிக்கொண்டார். கூட்டம் சிரித்தது. யாரோ தாளத்துக்குக் கைகூடத் தட்டினார்கள். நான் திடலின் குறுக்கே ஜைனம்புவிடம் போனேன்.

"எல்லாரும் பாக்கறாங்கடி," என்றாள் அவள்.

"பேசாத. பதினாலு, பதினஞ்சு..."

இருபத்து மூன்றாவது பாதத்தில் தேய்த்தேன். நடுவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொருள் எதுவும் கிடக்கவில்லை. என் இடத்தைக் கையால் காட்டினார்.

துப்பாக்கி வெடித்தது.

லெட்சுமி இருபத்தைந்து மீட்டரில் நிற்கவில்லை. அது எஸ்பிளனேடில் சுவரில்லாமல் ஓடிப் பழகியதன் புண்ணியம். ஆனால் மற்றவர்கள் வேகமானவர்கள். அவள் புஷ்பாவிடம் வரும்போது நாங்கள் ஐந்தாவது. கோல் கை மாறி முடிந்தபோது நான்காவது. எனக்கு அது தூரத்திலிருந்தே தெரிந்தது. மற்றத் தடங்களில் எல்லாரும் திரும்பி நின்று கையை நீட்டி, பெயரைக் கத்தி, எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தடத்தில் ஒரு சத்தமும் இல்லை. புஷ்பா வாங்கியது போலவே இல்லை. அவள் கையிலேயே கோல் முளைத்ததுபோல் இருந்தது.

அவள் என்னை நோக்கி வந்தாள். தேய்த்த மண்ணை மட்டும் பார்த்தேன். அவள் கான்வாஸ் காலணி அதைத் தாண்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். ஒன்று, இரண்டு, ஏழு. கையைப் பின்னால் விட்டேன்.

கோல் கையில் இருந்தது. இரும்புக் குழாய்க்குப் பழகிய கைக்கு அது வைக்கோல்போல் இருந்தது. நான் பெரிய ஓட்டக்காரி இல்லை, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த நூறு மீட்டரில் நான் யாரையும் முந்தவில்லை. முன்னால் மூன்று பேர் இருந்தார்கள், அவர்களை அப்படியே வைத்துக்கொண்டு ஜைனம்புவிடம் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் போனவர்களில் ஒருத்தி கொடுக்கும்போது தடுமாறினாள். இன்னொருத்தியின் கடைசி ஆள் முழுதாகத் திரும்பி நின்று வாங்கினாள். ஜைனம்பு மண் அடையாளத்தைப் பார்த்தாள், புறப்பட்டாள், பிறகு திரும்பவே இல்லை. அவள் கை பின்னால் வந்தது. நான் வைத்தேன்.

முன்னால் ஒரே ஒருத்தி. அவளையும் கடைசிப் பத்து மீட்டரில் ஜைனம்பு தாண்டினாள். நாடாவை அறுத்தாள். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள். கூடாரங்களைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, திடலின் வேலிவரை போய் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஏன் என்று பிறகு கேட்டேன்.

"செவுரு வரல்லடி. எங்க நிக்கறதுன்னு தெரியல," என்றாள்.

பெரிய சார் குடையோடு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. என்னிடம்தான் முதலில் வந்தார்.

"விழலையே?"

"விழல சார்."

மறுபடியும் கேட்டார்: "விழலல்ல?"

"இல்ல சார்."

"பேரு இருக்கும்ல சார்?" என்று புஷ்பா கேட்டாள்.

"இருக்கும். நான் போனதுக்கப்புறமும் இருக்கும்," என்றார். பிறகு குடையை விரித்து, வெயிலில் எங்கள் நால்வர் தலைக்கும் மேலே பிடித்தார். ஒரு குடை நான்கு பேருக்குப் போதாது. அவர் முழுதும் வெயிலில் நின்றார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, திடல் வைத்திருந்த அந்தப் பெரிய பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் எங்கள் பள்ளிக்கு வந்தார். மலாய்க்காரர், கையில் குறிப்புப் புத்தகம். உங்கள் பிள்ளைகள் பயிற்சி செய்யும் திடலைப் பார்க்க வேண்டும் என்று பெரிய சாரிடம் கேட்டார். பெரிய சார் அவரைப் படியேற்றி அழைத்துவந்து, எங்கள் நால்வரையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டார். வராந்தாவைக் கையால் காட்டி, திடல் என்பதற்கான மலாய்ச் சொல்லைப் போட்டு, "இதுதான் பாடாங்," என்றார்.

அந்த ஆசிரியர் சிரிக்கத் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாங்கள் ஓடிக் காட்டினோம், இரும்புக் குழாயோடு, நுனிக்காலில். இரண்டாம் முறை அவர் காலணியைக் கழற்றிவிட்டு வராந்தாவின் நடுவில் நின்றார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டார். புஷ்பா அவரைத் தாண்டி ஓடியபோது, அவர் கை தானாகக் கொஞ்சம் பின்னால் போனது. நான் பார்த்தேன். பெரிய சாரும் பார்த்தார். அன்று சாயங்காலம்வரை அவர் பேனாக்களில் ஒன்று மற்ற இரண்டைவிட உயரமாக இருந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

பள்ளி பிறகு ஆயர் ஈத்தாம் பக்கம் மாறிவிட்டது. புதுக் கட்டடம், சிமெண்டுத் தரை, மலையைப் பார்த்த மாதிரி நல்ல பெரிய திடல். சந்தில் இருந்த பழைய கட்டடம் இப்போது சுற்றுப்பயணிகள் தங்கும் விடுதி. வராந்தாவை அறையறையாகத் தடுத்துவிட்டார்கள், பலகைமேல் பளிங்குக் கல் பதித்துவிட்டார்கள். பெரிய சார் இல்லை. செல்லம்மா டீச்சரும் இல்லை. லெட்சுமி சிங்கப்பூரில், புஷ்பா பட்டர்வொர்த்தில். ஜைனம்பு வாப்பாவின் கடையை எடுத்து நடத்துகிறாள். முழங்கால் வலி என்று படி ஏறுவதில்லை.

போன ஆண்டு வட்டாரப் போட்டியைப் பார்க்க நானும் அவளும் போயிருந்தோம். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பள்ளியாக வாசித்தார்கள். நான்காவதாக எங்கள் பள்ளியின் பெயர் வந்தது. ஜைனம்பு என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். மஞ்சள் சட்டை, ஆணி வைத்த காலணி, நான்கு பெண்கள். நன்றாக ஓடினார்கள். எங்களைவிட வேகம், அதில் சந்தேகமே இல்லை. இரண்டாவது வந்தார்கள்.

கோல் மாறும் ஒவ்வொரு முறையும் பின்னால் வந்தவள் "இந்தா! இந்தா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள், முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து வாங்கினாள். கத்தட்டும். அவர்களுக்குக் கீழே யாரும் பாடம் நடத்திக்கொண்டிருக்கவில்லை.